கதிர் வைத்த முன்வளவு

"புல்லு வெட்டுற மெஷினின்ரை பற்றரியை நான் வேலைக்குக் கொண்டு போறன்," என்று முன் இருக்கையிலிருந்த நடுவயதுப் பெண் தன் கைப்பையைத் தட்டிக் காட்டினார். லோரன்ஸ் வீதி பஸ் வெக்ஸ்போர்ட் பகுதியில் நெரிசலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்த தோழி கைபேசியை மடியில் வைத்தாள்.

"ஏனக்கா?"

"பின்னேரம் மகளைப் பாக்க மாப்பிள்ளை வீட்டார் வருகினம். முன்வளவைப் பாத்தால் ஆளில்லாத வீடெண்டு நினைப்பினமாம். வெட்டியே தீருவன் எண்டு இவர் ஒற்றைக்காலிலை நிக்கிறார்."

"உது என்ன புல்லு?"

"ப்ரெய்ரி புல்லு. இந்த நாட்டுச் சமவெளியளிலை தானா வளருற புல்லுத்தான். என்ரை நெஞ்சளவுக்கு நிக்குது."

"அப்ப பற்றைக்காடுதானே. அண்ணையிலை பிழை சொல்லேலாது."

"நீரும் அவரின்ரை கட்சியே?"

"வெட்டினால் செத்துப்போமோ?"

"சாகாது, வேர் ஆழம். ஆனால் நான் விதைச்சு மூண்டு வருசம் காத்திருந்து இப்பதான் முதல்முதலாக் கதிர் வைச்சிருக்கு. விதை விழ முன்னம் ஒருத்தரும் தொடக்கூடாது."

"மகள் என்ன சொல்லுறா?"

"புல்லைப் பாத்து ஓடுற பெடியன் தனக்கு வேண்டாமாம்."

தோழி சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அண்ணை பக்கத்து வீட்டு மெஷினை இரவல் வாங்கமாட்டாரோ?"

அவர் சட்டென்று தன் கைபேசியை எடுத்தார். வீட்டுக்கு அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். ஒருவரும் எடுக்கவில்லை.

"சுப்பவைசரிட்டைச் சொல்லும், நான் பிந்தித்தான் வருவன்," என்றபடி எழுந்து, பஸ் நிற்குமுன்பே கதவடிக்குப் போய்விட்டார். எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடிக்க, சிவப்பு விளக்கையும் பாராமல் அவர் வீதியைக் கடப்பது கண்ணாடியூடாகத் தெரிந்தது.