ஹமாமாவின் தோல்

சவரக்கத்தி தீட்டும் தோல்வார் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள், ஐயா. எண்ணெய் தடவினால் எந்தத் தோலும் பளபளக்கும். மடித்துப் பார்க்க வேண்டும். மடிப்பில் வெடிப்பு விழக் கூடாது. உள்ளங்கையால் நெடுகத் தடவினால் எங்கும் தடுக்கக் கூடாது. மாட்டுத்தோலும் உதவும்தான். ஆனால் குதிரையின் பின்புறத் தோலுக்கு ஈடில்லை. கத்தி அதில் ஒட்டியும் ஒட்டாமலும் போகும்.

சீதி பென்னூர் சந்தைக்குப் பக்கத்தில் சவரக்கடை வைத்திருக்கிறேன். பெயர் அல்லால். என்மேல் புகார் கொடுத்த பூஷைப் எனக்குச் சிறுவயதுச் சிநேகிதன். கந்தூரியில் துப்பாக்கி ஏந்திக் குதிரை விரட்டும் எங்கள் ஊர் அணிக்கு அவன்தான் தலைவன். ஹமாமா என்ற குதிரை அவன் லாயத்தில் பிறந்தாள். ஈன்ற கையோடு தாய் செத்துவிட்டது. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து ஊட்டி அவளைப் பிழைக்க வைத்தது நான்.

"இவ நம்ம ரெண்டு பேருக்கும் பொண்ணுடா. வளந்ததும் நீதான் ஏறணும்," என்றான் பூஷைப். நான் கேட்டு வாங்கிய வாக்கு இல்லை அது. அவனாகச் சொன்னது.

சில வருடங்கள் ஏறவும் செய்தேன். ஒரு கந்தூரியில் பக்கத்துத் துப்பாக்கியின் மருந்து சிதறி அவள் பின்புறம் வெந்துவிட்டது. ஆறும்வரை தேன் தடவியதும் நான்தான். வடு மட்டும் நின்றுவிட்டது.

பிறகு பூஷைபின் அக்காள் மகன் ரஹ்ஹால் காசாபிளாங்காவிலிருந்து வந்து சேர்ந்தான். அந்த வருடம் வெள்ளை அங்கியைத் துவைத்து உடுத்திக்கொண்டு நான் மைதானத்துக்குப் போனபோது, ஹமாமாவின் முதுகில் அவன் உட்கார்ந்திருந்தான். கூடாரத்துக்குள்ளிருந்து பூஷைபின் குரல் கேட்டது.

"அல்லாலா? அவன் தாடி வழிக்கிறவன்பா. கவர்னர் முன்னாடி அவனைக் குதிரையில ஏத்தினா நமக்குத்தான கேவலம். இத்தன வருஷம் பாவம்னு விட்டு வச்சேன்."

உள்ளே சிரித்தார்கள். நான் திரும்பி நடந்தேன்.

அடுத்த வியாழன் பூஷைப் வழக்கம்போலச் சவரத்துக்கு வந்தான். "என்னடா, கந்தூரிப் பக்கமே ஆளைக் காணோம்?"

"உடம்புக்கு முடியல," என்றேன்.

அறுவடை முடிந்ததும் ஹமாமா காணாமல் போனாள். அவன் சந்தை சந்தையாகத் தேடி அலைந்தான். நானும் கூடவே அலைந்தேன்.

செத்த வண்டிக்குதிரை என்று சொல்லி, தோலை மராக்கேஷில் பதனிடக் கொடுத்திருந்தேன். கைக்கு வந்ததும் வாராக அறுத்து நிழலில் உலர்த்தினேன். உள்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். கொஞ்சம் கொழுப்பு தடவி, போத்தலை உருட்டி மட்டமாக்கினேன். மிச்ச வேலை உள்ளங்கையுடையது. கையின் சூடு இறங்க இறங்கத் தோல் இளகிக் கொடுக்கும். மாலையில் கடையைச் சாத்திவிட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வடு இருந்த துண்டை வெட்டி எறிந்திருக்கலாம். கத்தி படாத கீழ்முனையில் விட்டுவைத்தேன்.

குளிர்காலம் முழுக்க அந்த வாரில் தீட்டிய கத்தியால்தான் அவனுக்குச் சவரம் செய்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. முகத்தில் சோப்பு நுரையோடு ஹமாமாவைப் பற்றிப் பேசுவான், கண் கலங்குவான். நான் துண்டால் ஒற்றிவிடுவேன்.

நேற்று நான் தீட்டுவதைக் கவனித்துக்கொண்டிருந்தான். "வார் புதுசா? சத்தமே பட்டுத் துணி மாதிரி இருக்கே," என்று கையை நீட்டித் தடவினான். அவன் கட்டைவிரல் வடுவில் நின்றது.

"அல்லால், இது என்ன தோலுடா?"

"உனக்குத் தெரியாதா?"

அவன் என்னை அடிக்கவில்லை. பாதி மழித்த முகத்தோடு எழுந்து, கொக்கியிலிருந்து வாரைக் கழற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு உங்கள் நிலையத்துக்கு நடந்தான். சந்தையே ஒதுங்கி வழிவிட்டது.

லாயத்துப் பூட்டு உடையாமல் அவளை எப்படிக் கொண்டுபோனாய் என்று கேட்டீர்கள். அன்று அவள் மேய்ச்சலில் நின்றாள். வேலிக்கு வெளியே நின்று பெயரைச் சொன்னேன். ஒரே தாவில் தாண்டி வந்தாள். கயிறுகூட இல்லை. ஓடைவரை என் பின்னாலேயே நடந்தாள். நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். கழுத்தில் கத்தியை வைத்தபோதும் விலகவில்லை. என் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

இந்த ஊரில் எனக்குத் துரோகம் செய்யாதவள் அவள் ஒருத்திதான், ஐயா. அவளை எப்படி அவனிடம் விட்டுவைப்பேன்?