எந்த முயற்சி போதலை?

— லேப் கோட்டைத் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன் மேடம். அடையாள அட்டை அது மேலயே இருக்கு. ஒரு கையெழுத்து போட்டு வாங்கிக்கிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்.

— எங்க கிளம்புறீங்க அக்கா? திங்கக்கிழமை ரத்தம் எடுக்குற பரீட்சை இருக்கு.

— அதான் மேடம். அதுக்கு முன்னாடியே ஒதுங்கிக்கிட்டா உங்களுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. பதினஞ்சு வருஷம் வார்டுல ஆயா வேலை பார்த்த கை இது. லேப் படிப்புல இடம் கிடைச்சப்ப வார்டே கைதட்டிச்சு. என்ன பண்றது? துடைப்பம் பிடிக்கிற கைக்கு ஊசி பிடிபடாதுன்னு ஆயிடுச்சு.

— யார் சொன்னா அப்படி?

— நீங்கதான்.

— நானா? நான் எப்ப அக்கா சொன்னேன்?

— வாயால சொல்லல. நேத்து நோட்டுல எழுதினீங்களே, சிவப்பு மையில. 'முயற்சி போதாது.' ரெண்டே வார்த்தை. வீட்டுல என் பொண்ணு எடுத்துப் படிச்சா. பத்தாவது படிக்கிறா, வாய் கொஞ்சம் நீளம். 'எந்த முயற்சிம்மா போதலை?'ன்னு கேட்டா. நோட்டை வாங்கி மூடி வெச்சேன் மேடம். உங்களுக்காவது பதில் தெரியுமா? நான் ஒண்ணும் சண்டைக்கு வரல.

— சண்டை போட்டாலும் தப்பில்ல. எனக்கும் பதில் தெரியாது அக்கா. முப்பத்திரண்டு நோட்டு, மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம். எல்லாத்துலயும் ஏதாவது எழுதியாகணும். உங்க நோட்டு வந்தப்ப பேனா அதுபாட்டுக்கு எழுதிடுச்சு.

— போகட்டும் விடுங்க. கையெழுத்து...

— போகட்டும்னு விட முடியாது. நேத்து நீங்க ஊசி பழகுற ரப்பர் கைல குத்தினப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். என்ன பார்த்தேன்னு இப்பவாவது சொல்றேன். கோட்டைப் போட்டுக்கிட்டு உக்காருங்க.

— பஸ் போயிடும் மேடம்.

— அடுத்த பஸ்ல போங்க. முதல்ல நரம்பு தேடினீங்க பாருங்க, அது. மத்த பசங்கல்லாம் கண்ணால தேடுறாங்க. நீங்க ஒருத்தர்தான் விரல் நுனியால தேடினீங்க. அதை நான் சொல்லித் தரவே இல்ல.

— அதுவா? படுத்த படுக்கையாக் கிடக்குறவங்களுக்கு உடம்பு துடைச்சுவிட்ட பழக்கம். எங்க தொட்டா என்னன்னு விரலுக்கே தெரியும்.

— அது எத்தனை பெரிய விஷயம் தெரியுமா! தப்பு அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. ரெண்டே இடம். ஒண்ணு, உங்க முழங்கை அந்தரத்துல தொங்குச்சு. அப்படி வெச்சா எவர் கையும் நடுங்கும். இன்னொண்ணு, குத்துற நேரத்துல ஊசியை விட்டுட்டு முகத்தைப் பார்த்தீங்க.

— ரப்பர் கைக்கு ஏது மேடம் முகம்?

— அதான் சுவத்தைப் பார்த்தீங்க!

— சிரிக்காதீங்க மேடம். வலிக்குதோ என்னவோன்னு மூஞ்சியைப் பார்த்தே பழகிடுச்சு.

— பாருங்க, தாராளமா பாருங்க. ஆனா ஊசி உள்ள போற அந்த ஒரு நொடி மட்டும் கண்ணு அது மேலயே இருக்கணும். சரியா?

— இவ்வளவுதானா?

— இவ்வளவுதான்.

— அடப் பாவமே! இதை நேத்தே எழுதியிருந்தீங்கன்னா பஸ்ல முந்தானையைக் கடிச்சுக்கிட்டு அழுதிருக்க மாட்டேனே.

— எழுதியிருக்கணும் அக்கா. என் தப்புதான். இப்ப செஞ்சு பாருங்க.

— எதுல செய்யறது? ரப்பர் கையைத்தான் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்களே.

— என் கை இருக்கு.

— ஐயோ சாமி! விளையாடாதீங்க. ஏடாகூடமா ஏதாவது ஆயிட்டா?

— நீலமாகும். நாலு நாள்ல போயிடும். வலது கை வேண்டாம், போர்டுல எழுதணும். இந்தாங்க, இடது கை. கையுறை போட்டுக்குங்க.

— போட்டுக்கிட்டேன் மேடம்.

— சரி. முழங்கைக்கு மேல ரப்பர் பட்டையைக் கட்டுங்க.

— இறுக்கமா இருக்கா மேடம்? ... கையை மூடிக்குங்க. இங்க ஒண்ணு இருக்கு. இல்ல, இது நாராட்டம் விறைப்பா இருக்கு. இருங்க, அவசரப்படுத்தாதீங்க.

— நான் வாயே திறக்கல.

— இதோ. அமுக்கினா மெத்துன்னு எழும்புது. இதான்.

— கண்ணுக்குத் தெரியுதா?

— ஒண்ணும் தெரியல. விரலுக்குத் தெரியுது.

— அப்ப விரலை நம்புங்க. ஸ்பிரிட் தடவுங்க, காயட்டும். முழங்கை எங்க இருக்கு?

— மேசை மேல ஊணியாச்சு. அட, நடுக்கம் நின்னுடுச்சு மேடம்!

— இடது கட்டைவிரலால தோலை இழுத்துப் பிடிங்க, நரம்பு நழுவாது. கண்ணு எங்க?

— ஊசி மேல.

— இல்ல, என் மூஞ்சி மேல இருக்கு.

— இப்ப ஊசி மேல. சுருக்குன்னு இருக்கும், பொறுத்துக்குங்க.

— ம்.

— மேடம்! ரத்தம்! ரத்தம் எட்டிப் பார்க்குது மேடம்!

— கத்தாதீங்க, கை ஆடிடும். மெதுவா இழுங்க. போதும். இப்ப என்ன?

— முதல்ல பட்டையை அவுக்கணும். அப்புறம் பஞ்சு, அப்புறம் ஊசி. நீங்க விடுங்க, நான் அமுக்கிப் பிடிக்கிறேன். வலிச்சுதா?

— இப்பத்தான் மூஞ்சியைப் பார்க்க வேண்டிய நேரம். வலிக்கல அக்கா. ரத்தத்தைச் சின்னக் குழாய்ல மாத்தி மூடி வெச்சிட்டு நோட்டை எடுங்க.

— மறுபடியும் சிவப்பு மையா?

— எந்த மையா இருந்தா என்ன? படிக்கிறேன், கேளுங்க. 'நரம்பை விரலாலேயே கண்டுபிடித்தார். முழங்கையை ஊன்றியதும் நடுக்கம் நின்றது. ஊசி நுழையும்போது கண் விலகவில்லை. அடுத்து: குழாயில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும்.'

— ஐயையோ, பேரு! சுத்தமா மறந்தே போச்சு.

— அதான் எழுதியிருக்கேன். திங்கக்கிழமை மறக்க மாட்டீங்க.

— என் பொண்ணு இதைப் படிக்கட்டும். சத்தமா படிக்கச் சொல்லிக் கேக்குறேன். ஆனா மேடம், மனசுல பட்டதைச் சொல்லிடுறேன். என்னைத் தேத்துறதுக்காக லேசான கையாக் கொடுத்துட்டீங்க. பரீட்சையில இப்படி ஒரு கை எனக்கு வாய்க்குமா?

— லேசான கையா? போன மாசம் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்ப இந்தக் கைல நரம்பு கிடைக்காம நாலு பேர் மாத்தி மாத்திக் குத்திப் பார்த்துட்டுக் கைவிட்டாங்க அக்கா. அதுல நாலாவது ஆளு, எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்த என் வாத்தியார்.