பனைக்கு இடப்பக்கம் போன பந்து

என் பெயர் பகலவன், வயது 17, தகப்பனார் பெயர் ராஜாங்கம். கள்ளக்குறிச்சி ஏமப்பேர் ஏரிக்கரைத் தெருவில் குடியிருந்து பன்னிரண்டாம் வகுப்பு படித்து வருகிறேன். என் தாயார் ராதிகா உடனிருக்க இதைச் சொல்கிறேன்.

இறந்துபோன சுஐப்பும், இப்போது கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் சரத்குமாரும் என் வகுப்பு. சுஐப்பின் அத்தா அப்துல் ஜப்பாரின் பழைய இரும்புக் கடைக்கு எடைக்கு வந்த சாமானில் ஒரு கோல்ப் மட்டையும் சில பந்துகளும் இருந்தன. அதன் பிறகு மூவரும் காய்ந்த ஏரியில் ஆடி வந்தோம். செல்போனில் பார்த்து ஆட்டத்தைக் கற்றவன் சுஐப். "கால் எங்க பாத்தா இன்னாடா, மட்டையோட மூஞ்சி பந்தத் தொடறப்ப எங்க பாக்குதோ அங்கதான் கெளம்பும்" என்பான். மூஞ்சி என்பது மட்டையில் பந்தைத் தொடும் தட்டைப் பக்கம்; அது வெளிப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும், உள்பக்கம் திரும்பி மூடிக்கொண்டால் இடப்பக்கம். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவும் அப்படித்தான், போர்டு எந்த ஊராக இருந்தாலும் டிரைவர் மூஞ்சி சவாரியைப் பார்த்த பக்கம்தான் போகும் என்று நான் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

மட்டை யாரிடம் இருப்பது என்று சனிக்கிழமை பஸ் நிலையத்தில் இருவருக்கும் வாய்ச்சண்டை வந்தது உண்மை. மறுநாள் மதியம் சேர்ந்துதான் ஏரிக்கு வந்தார்கள். எதிரே இருந்த பனைக்கு வலப்பக்கமாகப் பந்தை வளைக்கும்படி சரத்குமாரிடம் சொல்லிவிட்டு, சுஐப் பனைக்கு இடப்பக்கம் போய் நின்றான். தள்ளி நில்லு மச்சி என்றேன். "தெறந்து வெச்சிகினு அடிக்கிறான், இந்தப் பக்கம் எப்டிடா வரும்" என்றான்.

அதன் பிறகு சரத்குமார் பனைக்கு வலப்பக்கம் பார்த்து நின்று அடித்தான். அவன் கிரிக்கெட்டில் லெக் சைடு தூக்கி அடித்தே பழகியவன். பந்தைத் தொடும்போது மணிக்கட்டு தானாக உருண்டு மட்டையின் மூஞ்சி மூடிக்கொண்டதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். பந்து இடப்பக்கம் கிளம்பி, மேலும் இடப்பக்கம் வளைந்து, சுஐப்பின் நெற்றிப்பொட்டில் பட்டது.

நான் ஓடிப்போனபோது உட்கார்ந்திருந்தான். "மணிக்கட்ட உருட்டிட்டான்டா, மூஞ்சி மூடிக்கிச்சி" என்றான். அதன் பிறகு வாந்தி எடுத்தான். ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும்போது தலை என் மடியில் இருந்தது, ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அதன் பிறகு அவன் பேசவில்லை.

வலப்பக்கம் பார்த்து நிற்பதுபோல் ஏமாற்றி வேண்டுமென்றே அடித்ததாகச் சொல்கிறார்கள். குறிவைத்து அடிக்கிற அளவுக்கு சரத்குமாருக்கு ஆட வராது. ஆனால் யார் கேட்டாலும் "நான்தான் அடிச்சேன்" என்பதற்கு மேல் அவன் பேசுவதில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ஜப்பார் பாய் என்னைக் கூப்பிட்டார். முன்பு அவர் கடைத் தராசில் ஏறி நின்று எனக்கு என்ன விலை பாய் என்று விளையாட்டாகக் கேட்டவன் நான். "எம்புள்ள கடைசியா இன்னா சொன்னான்" என்று கேட்டார். கலிமா சொன்னான், அத்தாவைக் கேட்டான் என்று சொல்லியிருக்கலாம். சுஐப் சொன்னதையே சொன்னேன். அவர் "இதுலயுமாடா வெளாட்டு" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை எனக்கும் என் தாயாருக்கும் படித்துக் காட்டினார்கள். எழுதியிருப்பது சரி. சுஐப் சொன்னதாக நான் சொன்னது சுஐப் சொன்னதுதான்.

(ஒப்பம்) ரா. பகலவன்