தங்கத்தாய் மதினி போட்ட முதல் வளையல்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவரே, எங்கள் குடும்பத்துக்கு மூத்தவரே, பெரியநாயகம் சித்தப்பா அவர்களே! மாதர் அணியின் சகோதரிகளே! கடையை அடைத்துவிட்டும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டும் வந்திருக்கும் தாராவி உறவுகளே! கோபர்கைரனேயிலிருந்தும் சான்பாடாவிலிருந்தும் ரயில் மாறி வந்து, உட்கார நாற்காலி இல்லாமல் வாசலில் நிற்கிறவர்களே! அம்மனை மனதில் நிறுத்தி உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் உமாமகேஸ்வரி. நம்மை விட்டுப் பிரிந்த மாதர் அணித் தலைவி தங்கத்தாய் அம்மையார் என் கணவர் ராஜகுமாரின் அக்கா. எனக்கு மதினி. என் கழுத்தில் தாலி ஏறியபோது மூன்றாவது முடிச்சைப் போட்டது அவர் கை. "நாத்தனார் இருக்கிற வீடு, பார்த்து நடந்துக்கோ" என்று ஊரில் எல்லோரும் பயமுறுத்தித்தான் என்னை மும்பைக்கு ரயிலேற்றினார்கள். வந்து பார்த்தேன். அம்மன் என்னை எப்பேர்ப்பட்ட கையில் ஒப்படைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்!

அழ வேண்டியதைப் பதினாறு நாளும் அழுதுவிட்டேன். இன்று உங்கள் முன் எழுந்து நிற்பது ஒரு காரியம் கேட்பதற்கு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஷர்மிளாவுக்கு இது ஒன்பதாம் மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று நாள் பார்த்துக் குறித்ததே மதினிதான். முதல் வளையலை அவரே போடுவதாக இருந்தது. அதற்குள் அம்மன் அழைத்துக்கொண்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வீடு கழுவியாயிற்று, கோவிலுக்கும் போய்வந்தாயிற்று. ஆனாலும் துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை விசேஷம் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சித்தப்பாவும் அதையே சொல்கிறார். அவர் வராவிட்டால் உறவில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆள் வராமல் என்ன வளைகாப்பு? என் மகளோ, "அத்தை இல்லாம எனக்கு எதுக்கும்மா, விடு" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடக்குமா, நடக்காதா? இதற்கு நான் பதில் சொன்னால், பெற்றவள் ஆசைக்குச் சொல்கிறாள் என்பீர்கள். தங்கத்தாய் அம்மையார் வாழ்ந்த வாழ்க்கை பதில் சொல்லட்டும்!

என் கல்யாணத்துக்கு என் அப்பா ஒரு சீர் அனுப்பினார். கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. திருநெல்வேலியிலிருந்து லாரியில் ஏற்றி, கூடவே தானும் வந்து, தொண்ணூறு அடி சாலையில் இறக்கினார். அங்கிருந்து கைவண்டியில் எங்கள் சந்துவரை வந்தது. எங்கள் சந்து உங்களுக்குத் தெரியும்; எதிரில் ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் வழிவிட வேண்டும். வீடோ மாடியில். ஏறுவதற்கு இரும்பு ஏணி. பீரோ சந்து முனையிலேயே நின்றுவிட்டது. நேராகப் பிடித்தார்கள், படுக்க வைத்தார்கள், திருப்பினார்கள். அசையவில்லை. சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டார்கள். "அண்ணாச்சி, பேசாம பொண்ணு மாப்பிள்ளையை பீரோவுக்குள்ளயே குடிவச்சிருங்க, வாடகை மிச்சம்!" என்று ஒருவர் சொல்ல, சந்தே சிரித்தது. என் அப்பா சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தவர், துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

அப்போது முந்தானையைச் செருகிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கி வந்தார் மதினி. "மாமா, நல்லவேளை பெருசாப் பாத்து வாங்கினீய! அம்மன் பட்டு வைக்க ஒரு பீரோ வேணும்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. இந்தச் சங்கத்துக்காரங்க காதுல விழவே இல்ல. ஏலே தம்பி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? கோவிலுக்குத் தூக்கு!" பிறகு என்னிடம் திரும்பினார். "ஏட்டி உமா, மேல்தட்டு அம்மனுக்கு, கீழ்த்தட்டு ஒனக்கு. ஒரு சாவி பூசாரிகிட்ட இருக்கட்டும், ஒரு சாவி ஒங்கிட்ட இருக்கட்டும். சரிதானா?"

சரிதானாவா! அன்று முதல் என் கல்யாணப் பட்டும் அம்மனுடைய பட்டும் ஒரே பீரோவில் இருக்கின்றன. மும்பையில் இந்தப் பாக்கியம் வேறு எந்த மருமகளுக்குக் கிடைத்தது? என் அப்பா காலமாகும்வரை, இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் கோவிலுக்குப் போவார். அம்மனைக் கும்பிடுவதற்கு முன் பீரோவின் கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். வாங்குகிறவர் மனம் குளிரப் பரிசு கொடுக்கலாம். நம்மில் பலர் கொடுக்கிறோம். கொடுத்தவர் தலைகுனியாமல் அந்தப் பரிசைக் காப்பாற்றத் தெரிந்தவர் எத்தனை பேர்?

சித்தப்பா, உங்கள் கதையையும் சொல்லத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

சித்தப்பா மகன் கோபர்கைரனேயில் வீடு வாங்கி, பெற்றவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். கிரகப்பிரவேசத்துக்கு நாம் எல்லோரும் போனோம். என்ன கொண்டுபோனோம்? சுவர்க் கடிகாரம்! இருக்கிற சுவர் போதாத அளவுக்குச் சுவர்க் கடிகாரம். மதினி ஒரு கவர் மட்டும் கொடுத்தார். சித்தப்பா அங்கேயே பிரித்தார். உள்ளே அவர் பெயரில் எடுத்த மூன்று மாத ரயில் சீசன் டிக்கெட்.

"என்னட்டி இது? புது வீட்டுக்குக் குடிவந்தவனைத் திரும்பிப் போன்னு சொல்லுதியா?"

"புது வீட்டுல எல்லாம் இருக்கு சித்தப்பா. லிஃப்ட் இருக்கு, பால்கனி இருக்கு. ஒங்க கூடச் சண்டை போடத்தான் ஆளு இல்ல. காலையில வண்டி ஏறினா சங்கத்து டீ ஆறுததுக்குள்ள வந்துருவீய."

சித்தப்பா டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மூன்று மாதம் முடிந்ததும் அவரே புதுப்பித்தார். இன்றுவரை புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்! நம் சங்கத்துக்கு இன்றும் ஒரு தலைவர் இருக்கிறார் என்றால், வீடு மாறிய மனிதரை ஊர் மாறவிடாமல் வைத்திருந்தவர் யார்? தங்கத்தாய் அம்மையார்!

என் மகளுக்கு அவர் செய்த சீரைச் சொல்கிறேன். ஷர்மிளா பெரியவளானபோது உறவெல்லாம் கூடித் திட்டம் போட்டது. சந்து முனையில் ஃப்ளெக்ஸ், வாடகைக்குச் சிம்மாசனம், பாட்டுக் கச்சேரி. எல்லாம் பேசி முடித்தபின், அத்தை முறைக்குச் சீர் செய்ய வேண்டிய மதினி அவளிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒனக்கு என்ன வேணும் தாயி?"

பிள்ளை சொன்னாள். "அத்தை, கதவு வேணும்."

எங்கள் வீடு ஒரே அறை. குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் மூலையில் இருக்கும் மோரியில். சுற்றிலும் தடுப்பு, வாசலில் மட்டும் பழைய சேலைத் திரை. "யாராச்சும் ஏணியில ஏறுத சத்தம் கேட்டா, தண்ணிய ஊத்தாம அப்பிடியே நிக்கேன் அத்தை" என்றாள்.

சடங்கு அன்று மேளம் முழங்கச் சீர்வரிசை வந்தது. தேங்காய்த் தட்டு, பழத்தட்டு, பூத்தட்டு, லட்டுத் தட்டு. அதன் பின்னால் இரண்டு பேர் ஒரு கதவைச் சுமந்து வந்தார்கள்! மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்ட புத்தம் புதுக் கதவு. "என்ன தங்கத்தாய், யார் வீட்டைப் பேத்துக் கொண்டாந்த?" என்று கேலி செய்தார்கள். மதினி கதவைத் தட்டிக் காட்டினார். "சிரிக்கிறவங்க சிரிங்க. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு, அதை மட்டும் பாத்துக்கிடுங்க."

பெற்றவளுக்குத் தோன்றாதது அத்தைக்கு எப்படித் தோன்றியது? அவர் கேட்டார். அவ்வளவுதான் ரகசியம். அந்தத் தீபாவளிக்குள் எங்கள் சந்தில் பெண்பிள்ளை இருக்கிற வீட்டு மோரிக்கெல்லாம் கதவு வந்துவிட்டது. சிரித்தவர்கள் வீட்டிலும் வந்தது!

இப்போது நான் கேட்க வந்த காரியத்துக்கு வருகிறேன்.

ஷர்மிளா என் வயிற்றில் இருந்தபோது, டிராம்பேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாகராஜ் அண்ணன், மதினியின் கணவர், திடீரென்று தவறிப்போனார். மதினிக்குப் பிள்ளையும் இல்லை. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்கு ஒன்பதாம் மாதம் நடந்தது. அன்றைக்கும் இதே பேச்சு எழுந்தது. இதே சித்தப்பா, கொஞ்சம் இளமையாக, வளைகாப்பு அன்றே எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

"ஏட்டி தங்கத்தாய், ஒம் புருசன் போயி மாசம்கூட ஆகல. வளைகாப்பை அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"அடுத்த வருசமா? அதுக்குள்ள பிள்ளை தவழ்ந்து ஒங்க வேட்டியப் பிடிச்சு இழுக்கும் சித்தப்பா. பிறகு அது கைக்குத்தான் வளையல் வாங்கணும்!"

சித்தப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் சிரிக்கவில்லை. மதினி வளையலைக் கையில் எடுத்து என் எதிரில் உட்கார்ந்ததும், ஒரு குரல் எழுந்தது. "தாலியும் இல்ல, மடியில ஒரு பிள்ளையும் இல்ல. இவ கையாலயா மொத வளையல்?"

மதினி அழுது எழுந்து போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவர் அசையவில்லை. "எங்கிட்ட இல்லாததையா குடுக்கேன்? வளையல்தானே குடுக்கேன். அது எங்கிட்ட ரெண்டு டஜன் இருக்கு" என்றார். குரல் கணீரென்று இருந்தது. கண்ணாடி வளையல்கள் மட்டும் அவர் விரலில் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

நான் கையை நீட்டினேன். முதல் வளையல் என் கையில் ஏறியது.

அந்தக் கையால் போட்ட வளையலால் என்ன குறை வந்தது? அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். செம்பூரில் வங்கி வேலை பார்க்கிறாள். குறை என்று தேடினால் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. அது அவள் அப்பா வழி. அன்றைக்குப் பிறகு நம் உறவில் எத்தனை வளைகாப்பு! எத்தனை காதுகுத்து! எத்தனை வீட்டில் "மதினி வரட்டும், பிறகு தொடங்கலாம்" என்று நல்ல நேரத்தையே காக்கவைத்தோம்!

நான் சாஸ்திரம் படித்தவள் இல்லை. விளக்கேற்றிக் கும்பிடத் தெரிந்தவள். ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். வருஷந்தோறும் ஆடிப்பூரத்தில் நம் அம்மனுக்கு வளைகாப்பு நடக்கிறது. அந்த வளையலை வாங்கிக் கொடுத்தவர் தங்கத்தாய் மதினி. பூசாரி அதை வாங்கி அம்மன் கையில் சார்த்தினார். பிறகு பிரசாதமாக நம் எல்லோருக்கும் கொடுத்தார். நாம் கண்ணில் ஒற்றிப் போட்டுக்கொண்டோம். அவர் கொடுத்ததை அம்மன் வேண்டாம் என்றாளா? அம்மன் சொல்லாததை நாம் சொல்லலாமா?

வருஷம் திரும்பட்டும் என்கிறீர்கள். வருஷம் திரும்பும், சித்தப்பா. ஒன்பதாம் மாதம் திரும்பாது. தன் புருஷன் போன துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு என் பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்கவைத்தவருக்கு, விசேஷத்தை நிறுத்தி மரியாதை செய்வதா? நடத்தி மரியாதை செய்வதா? உங்கள் வாயால் சொல்லுங்கள். இந்தச் சபை கேட்கட்டும்.

எழுந்துவிட்டார்! அந்த மைக்கைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்புங்கள்.

"வேண்டாம்னு சொன்னா அவ அங்க இருந்து எனக்கு என்னத்த அனுப்பி வைப்பாளோ! நடத்துங்கட்டி. நானே முன்னால வந்து நிக்கேன்."

வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்டதா? நடத்தச் சொல்லிவிட்டார்! முன்னால் வந்து நிற்பேன் என்கிறார்! கைதட்டுகிறீர்களா, இரங்கல் கூட்டத்தில் தட்டலாமா என்று கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்களா? தட்டுங்கள்! தங்கத்தாய் அம்மையாருக்குத் தட்டாமல் வேறு யாருக்குத் தட்டப் போகிறோம்? ஷர்மிளா, தலையைத் தூக்கு தாயி. அழுதது போதும்.

மாதர் அணியின் சார்பில் இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். தங்கத்தாய் அம்மையார் செய்த பணி நிற்காது. யாருக்குச் சீர் செய்தாலும் முதலில் அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்போம். நம் வீட்டு விசேஷங்களில் தாலி இருக்கிறதா, பிள்ளை இருக்கிறதா என்று பார்த்து எந்தப் பெண்ணையும் ஓரத்தில் உட்காரவைக்க மாட்டோம். இது என் வீட்டில் தொடங்குகிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. பட்டுக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, பசியோடு வாருங்கள்.

முதல் வளையலை யார் போடுவது என்று கேட்பீர்கள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், பேராச்சி அக்கா உட்கார்ந்திருக்கிறார். போன வருஷம் கணவர் தவறியதிலிருந்து எந்த விசேஷத்துக்கும் வராமல் பலகாரம் மட்டும் செய்து கொடுத்தனுப்புகிறவர். அவர் போடுவார்.

அக்கா, தலையை ஆட்டாதீய. கை நடுங்கும்னு சொல்லாதீய. நீங்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி, எம்மவ கையை நீட்டிக்கிட்டே இருப்பா.