பெரிய ரோபோ யாரைப் பார்த்தது?

கைக்கடிகாரத்தை யாரும் அறியாமல் பார்க்கும் கலையில் கைதேர்ந்தவரும், இன்று ஒரு நாள் மட்டும் அந்தக் கலையைக் கைவிடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருப்பவருமான எங்கள் திரைப்பட வட்டத்தின் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே. பதினோரு ஆண்டுகளாக முதல் வரிசையை முழு உரிமையோடு ஆண்டுவரும் பெரியோர்களே. மடியில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பை, அத்தனைக்கும் நடுவே முகத்தில் மலர்ச்சி குறையாத அன்னையரே. படத்தைக் கண்ணால் காண்பவர்களே, காதால் காண்பவர்களே. சுவரோரம் நின்று "இவங்க எப்ப முடிப்பாங்க" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களே. உங்கள் எல்லோருக்கும் என் பணிவான, பாசமான, கொஞ்சம் பயமும் கலந்த வணக்கம்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? குளியலறைக் கண்ணாடி முன் நின்று என் முகத்தை எனக்கே சொன்னேன். "நாற்பத்தாறு வயதுப் பெண். இடது கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. வாயோரம் பற்பசை நுரை. புருவம் மேலே ஏறுகிறது." களைப்பு என்று சொல்லவில்லை. மேடைப் பயம் என்று சொல்லவில்லை. வெளியே என் கணவர் கதவைத் தட்டினார்.

"உள்ள யாரோட பேசிட்டிருக்க?"

"யாரோ ஒரு அம்மா. நாற்பத்தாறு வயசு."

"அவங்கள சீக்கிரம் வெளிய வரச் சொல்லு. நான் ஆபீஸ் போகணும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அதுதான் என் பயிற்சி. பகலில் நூலகத்தில் புத்தகம் அடுக்குபவள் நான். மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் இந்த அரங்கத்தின் பின்சுவரில், துணி அலமாரி அளவே உள்ள கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, திரையில் நடப்பதைப் பார்வையற்ற நண்பர்களுக்குச் சொல்பவள். அவர்கள் காதில் ஹெட்ஃபோன். என் வாயருகே மைக். எங்கள் பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்து விதி ஒன்றுதான்: காண்பதைச் சொல், கருதுவதைச் சொல்லாதே. "அவள் வருந்துகிறாள்" என்றால் தவறு. "கரண்டியைக் கீழே வைக்கிறாள், தட்டைத் தள்ளி வைக்கிறாள்" என்றால் சரி. வருத்தமா, கோபமா, வயிற்று வலியா என்பதைக் கேட்பவர் முடிவு செய்துகொள்வார்.

அதனால்தான் நம் அரங்கத்தில் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் இரண்டு சிரிப்பு. கண்ணால் பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். நான் சொல்லி முடித்ததும், இரண்டு மூச்சு கழித்து, ஹெட்ஃபோன்காரர்கள் சிரிப்பார்கள். புதிதாக வருபவர்கள் "இவங்களுக்கு என்ன, மெதுவா புரியுமா?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். பொறுங்கள் ஐயா, அவர்கள் மெதுவாகப் புரிந்துகொள்பவர்கள் அல்லர். நான் மெதுவாகச் சொல்பவள்.

இந்த நிலையில்தான், இரண்டு மாதங்களுக்கு முன், அந்த ரோபோ படம் வந்தது.

அனிமேஷன் படம். கைவிடப்பட்ட ஒரு கிடங்கு. மனிதர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இரண்டு ரோபோக்கள். பெரியது மூட்டை தூக்கும். சின்னது தரை பெருக்கும். ஒரு வசனம் கிடையாது. கீச்சென்று ஒரு சத்தம், டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வசனமே இல்லாத படம் என்றால் எனக்கு என்ன பொருள்? ஒன்றரை மணி நேரமும் நானே பேச வேண்டும் என்று பொருள்.

வந்தவர்கள் நூற்று நாற்பது பேர். அவர்களில் முப்பது பேர் ஹெட்ஃபோன்காரர்கள். அந்த முப்பது பேரில் ஒருவரான நம் வக்கீல் ஐயா தம் ஏழு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரும்போதே வாதத்தைத் தொடங்கிவிட்டார். "கார்ட்டூனுக்கா என்னைக் கூட்டிட்டு வந்த? நாளைக்கு கோர்ட்ல கேஸ் இருக்கு." மகள் சொன்னாள்: "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைப்பா." வழக்கு அங்கேயே தள்ளுபடி.

படம் ஓடியது. சின்னது பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கியபோது அரங்கம் இரண்டு முறை சிரித்தது. பெரியது தன் முதுகைச் சுவரில் தேய்த்துச் சொறிந்துகொண்டபோது இரண்டு முறை சிரித்தது. பிறகு சின்னதன் பேட்டரி தீர்ந்தது. சிரிப்பு நின்றது. மூக்குகள் உறிஞ்சத் தொடங்கின. முதல் வரிசைப் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சளி பிடித்தது. தலைவர் ஐயா அவர்களுக்குக் கண்ணில் தூசி விழுந்தது. இல்லை என்கிறாரா? தலையை ஆட்டுகிறார். சரி ஐயா, தூசிதான்.

பெரிய ரோபோ தன் மார்புத் தகட்டைத் திறந்தது. தன் பேட்டரியைக் கழற்றியது. இசையும் நின்றது. படம் எடுத்தவர்கள் அந்த இடத்தில் ஓர் ஒலியும் வைக்கவில்லை. திரையில் நிசப்தம். அரங்கில் நிசப்தம். என் மைக்கிலும் நிசப்தம். நாற்பது வினாடி நான் ஒரு சொல் பேசவில்லை.

நான்காம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "லைன் கட் ஆயிடுச்சு."

யார் குரல் என்று சொல்ல வேண்டுமா? முப்பத்தோரு ஆண்டு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்ற நம் எக்ஸ்சேஞ்ச் அக்காதான். அதற்குள் வக்கீல் மகள் நாற்காலியில் மண்டியிட்டுப் பின்பக்கம் திரும்பிவிட்டாள். அரங்கம் அதிர அறிவித்தாள்: "அப்பா, கண்ணாடிக்குள்ள அத்தை அழுவுறாங்க. அதான் பேசல."

அழுதுகொண்டிருந்த அரங்கம் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. அன்று மட்டும் ஒரே ஒரு சிரிப்பு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில். நான் கண்ணைத் துடைத்து மைக்கைப் பிடித்தபோது சின்ன ரோபோ எழுந்து நின்றுவிட்டது. பெரியதன் கண் விளக்கு அணைந்துவிட்டது.

படம் முடிந்து கதவருகே நின்றேன். பாராட்டு மழை. ஒரு பேராசிரியர் என் கையைப் பிடித்து, "உங்கள் மௌனமே மகத்தான வர்ணனை" என்றார். அவர் பின்னால் நின்ற எக்ஸ்சேஞ்ச் அக்கா சொன்னார்: "மௌனம் அழகாத்தான் இருக்கும் சார், படம் தெரியிறவங்களுக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சுத்திலும் நூறு பேரு மூக்கு உறிஞ்சுறாங்க. எதுக்குன்னு தெரியாம நான் நடுவுல உக்காந்திருக்கேன். போகட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பெரிசு, கண்ணு அணையறதுக்கு முன்னாடி, யாரைப் பார்த்துச்சு?"

அன்பர்களே, அது எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? நான் பார்க்கவில்லை. என் கண்ணில் நீர்.

"சின்னதைப் பார்த்துச்சுன்னா அது பாசம்," என்றார் அக்கா. "கதவைப் பார்த்துச்சுன்னா, போன மனுஷங்க வருவாங்கன்னு அது இன்னும் காத்துட்டிருந்திருக்கு. ரெண்டும் வேற வேற அழுகைம்மா. நான் எதை அழறது?"

தலைவரைக் கேட்டேன். "நான் கண்ணாடி துடைச்சிட்டிருந்தேன்" என்றார். பேராசிரியரைக் கேட்டேன். "அந்தக் கணத்தில் விழிகளை மூடி அனுபவித்தேன்" என்றார். படம் ஓட்டும் தம்பி கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தாராம். என் கணவர் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டிருந்தாராம். வக்கீல் மகள், உங்களுக்கே தெரியும், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் முன்னதாக வீட்டில் படத்தைப் போட்டுப் பார்த்து எழுதிய என் குறிப்பேட்டைப் புரட்டினேன். "பெரியது பேட்டரியைக் கழற்றுகிறது" என்று ஒரு வரி. அதன் கீழே மை கரைந்து ஒரு வட்டம். வீட்டிலும் அதே கதைதான்.

கண் உள்ள நூற்றுப் பத்துப் பேர் கூடிய அரங்கம். படத்தின் உயிரான ஒரு நொடி. ஒருவராவது பார்த்தோமா? பார்க்கவில்லை. பார்க்க முடியாத ஒருவர் கேட்டார். பார்க்க முடிந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதைவிட வெட்கம் உண்டா? இதைவிட வேடிக்கைதான் உண்டா?

அடுத்த மாதம் அக்கா படத்துக்கு வரவில்லை. இந்த மாதமும் வரவில்லை. நான்காம் வரிசைக் காலி நாற்காலியைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துப் பார்த்து எனக்குப் பேச்சு தடுமாறியது. போன வாரம் தொலைபேசியில் அழைத்தேன். "அக்கா, அன்னைக்கு எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. அதான் பேச முடியல."

அக்கா சொன்னார்: "தொண்டை அடைச்சா மூச்சுச் சத்தம் கேக்கும்மா. விசும்பல் கேக்கும். நாற்காலி கிறீச்சுங்கும். எனக்குக் கேட்டது செத்த லைன். முப்பத்தோரு வருஷம் கேட்டவ நான். பேசாத லைனுக்கும் வெட்டுன லைனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

என்னிடம் பதில் இருந்ததா? இருந்தது. சொல்லத் துணிவு இருந்ததா? இல்லை. அந்தத் துணிவை இன்று இந்த மேடையில் திரட்டுகிறேன். என் மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. இருமல் வந்தால், தும்மல் வந்தால், அழுத்தினால் மைக் அணையும். அன்று எனக்கு இருமலும் இல்லை, தும்மலும் இல்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அழுகை வந்தது. நான் அழுவதை முப்பது பேர் கேட்டுவிடக் கூடாது என்று அந்தப் பொத்தானை அழுத்தினேன். நாற்பது வினாடியும் விரலை எடுக்கவில்லை.

மகளை விடுதியில் சேர்த்துவிட்டு வந்த அன்று குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் நான். இங்கே இருக்கும் அன்னையரே, உங்களில் எத்தனை பேர் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். அடடா, தூக்கிவிட்டீர்கள். ஐயா, நீங்களுமா? சரி, கையை இறக்குங்கள், உங்கள் வீட்டுக்காரர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் அழுகையை நாம் ஒளிக்கலாம். அது நம் உரிமை. ஆனால் என் அழுகையை ஒளிக்க நான் எதை ஒளித்தேன்? ஒரு முகத்தை ஒளித்தேன். ஒரு பார்வையை ஒளித்தேன். முப்பது பேர் அழ வேண்டிய அழுகையை ஒளித்தேன். குரல் உடையக் கூடாது என்று பயிற்சிப் புத்தகத்தில் விதி இருக்கிறதா என்று தேடினேன். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை. அது நானே எனக்கு எழுதிக்கொண்ட விதி.

தொலைபேசியை வைக்கும் முன் அக்கா ஒன்று சொன்னார். "பொறந்த செய்தி, செத்த செய்தி, எல்லாம் என் காது வழியாத்தான் போச்சு. நான் அழாத நாளா? அழுதுட்டே 'பேசுங்க, லைன்ல இருக்காங்க'ன்னு சொல்லியிருக்கேன். ஒரு நாளும் லைனைப் பிடுங்கினதில்லை."

சிரிப்பு இரண்டு தவணையில் வரலாம், தோழர்களே. சிரிப்பு பொறுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் எதற்கு அழுகிறார் என்று அறியாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது மட்டும் இந்த அரங்கத்தில் இனி யாருக்கும் நேரக் கூடாது. கூடி அழுவதற்காகத்தானே கூடினோம்? தனியாக அழ வீட்டில் குழாய் இல்லையா?

அந்தப் படத்தை வரும் சனிக்கிழமை மறுபடியும் திரையிட இசைந்த தலைவர் ஐயாவுக்கு நன்றி. படம் வியாழக்கிழமையே என் மேசைக்கு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. பெரியது யாரைப் பார்த்தது என்று உங்களுக்கு முன்னால் நான் தெரிந்துகொள்ளப் போவதில்லை. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், கை தூக்கிய அன்னையருக்கும், இன்னும் நின்றுகொண்டே இருக்கும் இளைஞர்களுக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து இன்று நான்காம் வரிசைக்கு வந்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்குத் தனி நன்றி. "உன் பேச்சுக்கு வரல, சாப்பாடு உண்டுன்னாங்க, வந்தேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

முடிக்கும் முன் ஒன்று. இதைத் தலைவரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை, ஒலியமைப்பாளர் இதோ ஓரத்தில் நிற்கிறார், அவருக்கும் இப்போதுதான் தெரியப்போகிறது. வரும் சனிக்கிழமை படம் தொடங்கும் முன் அவர் என் மேசையிலிருந்து அந்தச் சிவப்புப் பொத்தானைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த நாற்பது வினாடி வரும். என் குரல் உடையும், உடையட்டும். என் மூக்குறிஞ்சல் முப்பது ஹெட்ஃபோனிலும் கேட்கும், கேட்கட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்ப்பேன், பார்த்துக்கொண்டே சொல்வேன்.

அக்கா, லைன்லயே இருங்க. அனைவருக்கும் வணக்கம்.