விசிறி சுற்றாத கிராபிக்ஸ் கார்டு குறித்து நான் சொன்னதும் நடந்ததும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, உடைந்த குடைகளும் காலி டப்பாக்களும் குடியிருந்த இடத்தில், ஒரு விளையாட்டுக் கணினி உதயமாகியுள்ளது. அதன் பாகங்களைத் தேர்ந்தெடுத்தவனும் பூட்டியவனும் நானே. வாக்குமூலத்தை இப்படித் தொடங்கக் கூடாது, வயதும் விவரமும்தான் முதலில் வரும் என்று காவல் நிலைய எழுத்தர் ஐயா சொன்னார். அப்படியானால் கணினியில் அடித்ததை அழித்துவிடுங்கள் என்றேன். "நீ சொல்றத அப்படியே அடிப்பேன். அடிச்சத அழிக்க மாட்டேன். யோசிச்சுப் பேசு" என்றார்.

எனக்கு வயது பதினாறு. சிறுவன் என்பதால் என் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதப்பட்டு உறையில் ஒட்டப்பட்டுள்ளன. தொழில் என்ற இடத்தில் படிப்பு என்று போடச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தாயார், "அதுக்கும் சாட்சி கேளுங்க" என்றார். தாயார் உடனிருக்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ஆனால் தாயாரின் பிடி என் முழங்கையில் இருக்க, இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் கணினி உதிரி பாகங்கள் விற்கும் கடை ஒன்று உள்ளது. அதன் முதலாளிதான் இங்கே புகார் கொடுத்து, எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர். நாங்கள் வகுப்பில் இவரைக் கேரண்டி என்று அழைப்போம். எதைக் கேட்டாலும் கேரண்டி என்பார், எதற்கும் கொடுக்க மாட்டார். என் அக்கா அதே கடையில் பில் போட்டு, சாமான்களைக் கட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். எங்கள் வீட்டு வாடகை அந்தச் சம்பளத்தில்தான் போகிறது. இப்போது அந்த வேலை இல்லை. அது ஏன் என்பதைச் சொல்லவே நான் அழைக்கப்பட்டேன்.

என் சைக்கிளை விற்ற பணம்தான் என் கையில் இருந்தது. அந்தப் பணத்தில் கணினி வாங்குவதென்றால் ஒவ்வொரு பாகத்தையும் அலசி எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். முதலில் கேரண்டி எனக்குக் கண்ணாடி வைத்த கணினிப் பெட்டியை, அதாவது கேபினட்டைக் காட்டினார். "உள்ள மீன் விடப் போறதில்லண்ணே" என்று சொல்லித் தகரக் கேபினட்டை எடுத்தேன். அதன் பிறகு கலர் கலராக எரியும் ராம் என்கிற மெமரிப் பட்டையைக் காட்டினார். எரிந்தால் வேகம் கூடுமா என்று கேட்டேன். "லுக்கு தம்பி, லுக்கு" என்றார். தகரப் பெட்டிக்குள் லுக்கை எந்தக் கரப்பான்பூச்சி பார்க்கும் என்று கேட்டுவிட்டு, விளக்கில்லாத ராம் வாங்கினேன். அதையும் ஒரே பெரியதாக வாங்காமல் இரண்டு சிறியதாக வாங்கினேன், ஜோடியாகப் போட்டால்தான் வேகம். அதன் பிறகு ஊர் பேர் தெரியாத பவர் சப்ளை ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தார். கையில் தூக்கினால் காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கக் கூடாது, அது வெடித்தால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும் என்று அவர் கடையிலேயே நின்று அவருக்கு வகுப்பு எடுத்தேன். வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். அவர் முகம் அன்றைக்கே கறுத்துவிட்டது.

இந்த இடத்தில் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த என் அக்கா மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினாள். அதை அடிக்க வேண்டாம் என்றேன். அடிக்கப்பட்டது.

என் யோசனையிலேயே தலைசிறந்தது பிராசஸர். விளையாட்டுப் படத்தை வேகமாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் எட்டவில்லை. ஆகவே படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கிற பிராசஸராகப் பார்த்து வாங்கினேன். கார்டு இல்லாமலே கொஞ்ச காலம் ஓட்டுவது, பணம் சேர்ந்ததும் கார்டு வாங்கிச் செருகுவது என்பது திட்டம். செட்டிங்குக்குள் புகுந்து அந்த உள் வசதி எந்நேரமும் விழித்தே இருக்கும்படியும் மாற்றிவைத்தேன். கேபிள்களை அழகாகக் கட்டி, முதுகுப் பக்கத்தைச் சுவரோடு தள்ளிவைத்தேன். என் வகுப்பு மாணவர்கள் வந்து பார்த்துவிட்டு என்னைப் பொறியாளர் என்று அழைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு, விடுமுறையில் வீடு வீடாகத் துண்டறிக்கை போட்ட கூலியில் கார்டு வாங்கினேன். ஊழியரின் தம்பி என்பதால் விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். கேரண்டி பெட்டியைப் பிரித்துக் காட்டி அக்காவிடம் கொடுத்தார், அக்கா மறுபடி கட்டி என்னிடம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கேபினட்டின் பக்கத் தகடைக் கழற்றிக் கார்டைச் செருகி மூடினேன். விளையாடிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. எதிரி என்னைச் சுட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, வீட்டுக்குப் போன பிறகுதான் என் திரையில் அவன் துப்பாக்கியையே எடுத்தான். தகடைக் கழற்றிப் பார்த்தபோது கார்டின் விசிறி சுற்றவே இல்லை. பழைய கார்டுக்குப் புதுச்சட்டை போட்டு விற்பார்கள் என்று நான் படித்திருக்கிறேன். கணினியில் கார்டின் பெயர் சரியாகத்தான் காட்டியது. ஆனால் பெயரை மாற்றி எழுதுவதுதான் அந்தப் பித்தலாட்டத்தின் முதல் வேலை. ஆகவே பெயர் சரியாக இருந்ததையே மோசடிக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் கடைக்குப் போய்க் கேட்டபோது, "நீ பூட்டினதுல கோளாறு. பெட்டியைக் கொண்டா, பாக்கலாம்" என்று கேரண்டி சொன்னார். "நான் பூட்டினதுல ஒரு ஸ்க்ரூகூட கோணல் கிடையாது. திருடன்கிட்டயே பூட்டைக் குடுத்து நல்லா இருக்கான்னு பாக்கச் சொல்லுவாங்களாண்ணே?" என்று நான் கேட்டேன். என்னைக் கடையை விட்டு வெளியே போகச் சொன்னார். வெளியே போனேன். ஆனால் தூரமாகப் போகவில்லை.

மறுநாள் காலையில் கடை ஷட்டரில் ஓர் அறிவிப்பை ஒட்டியது நான்தான். "பிறக்கும்போதே ஓய்வுபெற்ற கார்டுகள் இங்கே கிடைக்கும். விசிறி வேண்டுவோர் கையோடு கொண்டுவரவும்" என்று அதில் இருந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டுகிறேன். அதன் பிறகு என் வகுப்பு மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், "அண்ணே, விசிறி சுத்துற கார்டு இருக்கா?" என்று பணிவாகக் கேட்டதும் என் ஏற்பாடுதான். நான்காவது ஆள் கேட்டு முடிப்பதற்குள் கேரண்டி வெளியே ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். பொத்தான் ஒன்று போய்விட்டது. இப்போது என் பையில் உள்ளது. வாங்க வந்த இரண்டு பேர் இதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அப்போது என் அக்கா கல்லாப் பக்கத்திலிருந்து வெளியே வந்து, "அவனை விடுங்க சார்" என்றாள். கேரண்டி என்னை விட்டார். விட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, "நான் பிரிச்சுக் காட்டினது புதுக் கார்டு. அதைக் கடைசியாத் தொட்டது நீ. உன் தம்பி சொல்றது நிஜம்னா மாத்தினது யாரு?" என்று கேட்டார். கடையில் வேலை பார்க்கும் மற்றவர்களும் தெருவில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் கூடவே போனேன்.

அதன் பிறகு கேரண்டி, அக்கா கார்டைத் திருடி மாற்றியதாகவும் நான் அவதூறு பரப்பியதாகவும் புகார் கொடுத்ததன் பேரில் நாங்கள் வரவழைக்கப்பட்டோம். மோசடியை நிரூபிப்பதற்காக என் கணினியை நானே சுமந்து வந்தேன். அது என் காலடியில் உள்ளது. கார்டு போலி என்றும், விற்றவர் மோசடிக்காரர் என்றும், நான் பூட்டியதில் பிழை இருக்க வழியே இல்லை என்றும் உறுதியாகச் சொன்னேன். அப்போது பெஞ்சிலிருந்து அக்கா, "நீ தப்பு பண்ணல. அவரும் பண்ணலன்னு சொல்றாரு. அப்ப நான்தான் பண்ணியிருக்கணும். அதானே உன் கணக்கு?" என்றாள். அவர்தான் செய்தார் என்று நான் கத்தினேன். "சத்தம் போட்டா சாட்சி ஆயிடாதுடா" என்று கேரண்டி சொன்னார்.

இந்த இடத்தில் எழுத்தர் ஐயாவின் மானிட்டர் அணைந்துவிட்டதால் வாக்குமூலம் நிறுத்தப்பட்டது. அவர் கால் பட்டுக் கேபிள் கழன்றிருந்தது. "நீதான் பெரிய பொறியாளராச்சே, கீழ போய் மாட்டு" என்றார். நான் மேசைக்கு அடியில் போனேன். அவர் கணினியின் முதுகில் மானிட்டர் கேபிளைச் செருகும் ஒரே மாதிரித் துளைகள் இரண்டு இருந்தன. ஒன்று மேலே, தாய்ப்பலகையான மதர்போர்டில் இருந்தது. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மற்றது கீழே, தனியாகச் செருகியிருந்த சின்னக் கார்டில் இருந்தது. "மேல குத்தாத, கார்டுல குத்து" என்று எழுத்தர் ஐயா மேலிருந்து சொன்னார். கார்டில் குத்தினேன். அதன் பிறகு நான் உடனே வெளியே வரவில்லை. "அங்க என்னடா, குடித்தனமா பண்ற?" என்று அவர் கேட்ட பிறகு வந்தேன்.

வாக்குமூலம் தொடர்ந்தது. பெட்டி அக்காவின் கையில் இருந்தபோது கார்டு மாறியிருக்க வாய்ப்பு உண்டா என்று எழுத்தர் ஐயா என்னைக் கேட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். மறுபடி கேட்டார். தெரியாது என்று சொன்னேன். "எழுதுங்க சார், கூடப்பொறந்தவனே இல்லைன்னு சொல்லல" என்றார் கேரண்டி. அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அதுவரை என் முழங்கையைப் பிடித்திருந்த என் தாயார் கையை எடுத்துவிட்டு, எழுந்து போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு நான், "ஐயா, உங்க மானிட்டரக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டேன்.

என் கணினியை மேசைமேல் ஏற்றினோம். அதன் கார்டில் இருந்த துளையில் எழுத்தர் ஐயாவின் மானிட்டர் கேபிளைச் செருகினேன். அந்தத் துளையை அடைத்திருந்த ரப்பர் மூடியை, வாங்கிய நாளிலிருந்து அதுவரை யாரும் கழற்றியிருக்கவில்லை என்பதை எல்லாரும் பார்த்தார்கள். விளையாட்டைத் திறந்தேன். எதிரி நகர்ந்தான், நானும் நகர்ந்தேன், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. கொஞ்ச நேரத்தில் விசிறி சுற்ற ஆரம்பித்தது. தகரக் கேபினட் என்பதால் அந்தச் சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. கார்டுக்கு வேலை கொடுத்தால்தான் விசிறி சுற்றும். நான் இத்தனை நாளும் கார்டைச் செருகி வைத்துவிட்டு, மானிட்டரைப் பழையபடி மதர்போர்டிலேயே விட்டிருந்தேன்; படம் காட்டியது விழித்தே இருந்த அந்த உள் வசதிதான். யாரும் கார்டை மாற்றவில்லை. நான் கேபிளை மாற்றவில்லை.

கேரண்டி எழுந்து நின்று, "நான்தான் கேரண்டின்னு சொன்னேனே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அக்காவிடம், "நாளைக்கு வந்துரும்மா" என்றார். "திருடின்னு சொன்னது தெருவுல வச்சு சார். வரச் சொல்றதையும் அங்க நின்னு சொல்லுங்க. அப்புறம் யோசிக்கிறேன்" என்று அக்கா சொன்னாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பாதுகாப்பு கிடைக்குமா என்று எழுத்தர் ஐயாவிடம் கேட்டேன். அது இந்த நிலையத்தின் எல்லைக்குள் வராது என்றார்.

தொடக்கத்தில் நான் சொன்னவற்றை அழித்துவிட மறுபடியும் வேண்டினேன். மறுத்துவிட்டார். வேண்டுமானால் கீழே சேர்க்கலாம் என்றதால் சேர்க்கிறேன். தகரக் கேபினட், ஜோடி ராம், பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது, உள் வசதியுள்ள பிராசஸர் என எல்லாமே, அக்கா கடையிலிருந்து வந்து சாப்பிட உட்காரும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்தவை. நான் கடையில் போய் அவற்றை என் குரலில் சொன்னேன், அவ்வளவுதான். கார்டு வாங்கிய அன்று, "மறக்காம மானிட்டர் கேபிளக் கார்டுக்கு மாத்து" என்றும் அக்கா சொன்னாள். நான் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றி, எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். கார்டு ஓடவில்லை என்று நான் புலம்பியபோது, மாத்தினியா என்று மறுபடியும் கேட்டாள். மாற்றிவிட்டேன், உன் வேலையைப் பார் என்று சொன்னேன். அவளைக் கிட்டே வந்து பார்க்கவும் விடவில்லை.

இதுவரை அடித்ததை எழுத்தர் ஐயா அக்காவுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டினார். மேல் பாதி நான் சொன்னது என்பது உண்மை. கீழ்ப் பாதி நடந்தது என்பது உண்மை. என் கைப்படக் கையெழுத்திட்டுள்ளேன். பொறியாளர் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்ததை நானே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

(ஒப்பம்)
உடனிருந்தவர்: தாயார்
படித்துப் பார்த்துச் சரி என்றவர்: அக்கா