சிஸ்டர் சொன்ன பதில்

ரொம்பத் தயங்கிக் கேட்கிறீர்கள் சார். விசாரணைக்கு வந்தவர் இப்படித் தயங்கலாமா? வேலூரில் முப்பத்தோரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒவ்வொருவரிடமும், "பல்லு புடுங்குனப்ப ரத்தம் நிக்காம போச்சா?" என்று கேட்பேன். வெட்கப்பட்டு மழுப்புகிறவர்களைக்கூட விட்டதில்லை.

என் மகள் ஜெனிஃபாவுக்குப் பதினாலு வயதில் பல் எடுத்தபோது இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. பரம்பரையாக வருகிற, ரத்தம் சரியாக உறையாத கோளாறு என்றார் டாக்டர். ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். எந்த ஆபரேஷன் என்றாலும் இதைக் காட்டுங்கள், முன்னாலேயே மருந்து ஏற்றிவிட்டால் பயமில்லை என்றார். அட்டையைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

ஆம்பூரிலிருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை ஷூ கம்பெனி மேனேஜர், அவர் அம்மா இன்பம் டீச்சர். நோய் என்று காதில் விழுந்தால் யார் பெண் எடுப்பார்கள்? நான் சொல்லவில்லை.

மார்ச்சில் பிரசவத்துக்குச் சேர்த்தோம். குழந்தை குறுக்கே கிடந்தது, சிசேரியன் என்றார்கள். நான் பழக்கிவிட்ட நர்ஸ் ஒருத்தி அதே கேள்வியைக் கேட்டாள். ஜெனிஃபா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் டீச்சர் பிளாஸ்கோடு நின்றிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

"சிஸ்டரே சொல்லிட்டீங்க" என்று எழுதிக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை.

பெண் குழந்தை. அரை மணி கழித்து டாக்டர் வெளியே வந்தார். "ரத்தம் நிக்கல. குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?"

அட்டை என் கைப்பையில் இருந்தது. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன். பின்னாலேயே போய்த் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் டீச்சர் என் கையைப் பிடித்து ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். ஜெபத்தின் நடுவில் எழுந்து போனால் நன்றாக இருக்குமா? ஜெபம் நீண்டுவிட்டது, முடிவதற்குள் ஜெனிஃபா போய்விட்டாள்.

பெற்ற வயிறு எரியாமல் இல்லை சார். ஆனால் கடைசிவரை அவளை ஒருவரும் நோயாளி என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். முந்தின நாளே காது குத்திவிடலாம் என்கிறார் டீச்சர். நேற்று குளிப்பாட்டும்போது அதன் முட்டியில் நீலம் பாய்ந்திருந்தது.

"இன்னா சம்பந்தியம்மா இது?"

"தொட்டில் கம்பி பட்டிருக்கும்."

"காது குத்தலாம் இல்ல?"

"தாராளமா" என்றேன்.

இதை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள் சார். பெண் குழந்தை, அதுக்கும் ஒரு நாள் கல்யாணம் ஆக வேண்டும்.